கோயில் வாசலில் நிற்கும் குப்பை வண்டி

சாலை வேலை எப்போது முடியும் என்று நான்பூ ஊரே பல்லைக் கடித்துக்கொண்டிருந்த வருஷம் அது. முடியவே கூடாது என்று மனசுக்குள் வேண்டிக்கொண்ட ஒரே ஆள் ஸ்கூட்டர் மெக்கானிக் தியென்ஃபு மட்டும்தான்.

புத்தாண்டுப் பட்டாசுக் காகிதத்தைக் கூட்டி அள்ளுவதற்கு முன்பே, சாக்கடைக் குழாய் பதிக்கிறோம் என்று தோண்ட வந்துவிட்டார்கள். ஆற்றுத் தெருவிலும் அரிசி ஆலைத் தெருவிலும் குப்பை வண்டி நுழைய வழியில்லை. வார்டுத் தலைவி பாவ்சு அக்கா ஒலிபெருக்கியைப் பிடித்தார். இரண்டு தெருக்காரர்களும் இனிமேல் மாசூ அம்மன் கோயில் வாசலுக்கு வந்து அவரவர் கையால் வண்டியில் குப்பையைப் போட வேண்டும், வண்டி வரும்போது ஒலிக்கும் பாட்டு கேட்ட பிறகு ஓடி வந்தால் தாம் பொறுப்பில்லை என்றார்.

அப்படித்தான் ஆற்றுத் தெருத் தியென்ஃபுவும் அரிசி ஆலைத் தெரு யூசியாவும் புதன்கிழமை தவிர தினம் சாயங்காலம் பையும் கையுமாக ஒரே இடத்தில் நிற்க நேர்ந்தது. யூசியா காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருப்பவள். கணவர் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன, ஒரே மகன் தாய்ச்சுங் நகரத்தில் வேலையில் இருக்கிறான். கை முட்டை தோசை சுடுகிற வேகத்துக்கு வாயும் சுடும். தியென்ஃபு கல்யாணம் ஆகாமலே ஐம்பதைத் தாண்டியவர். ஸ்கூட்டர் இன்ஜினோடு மணிக்கணக்கில் பேசுவார், மனுஷர்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

முதல் நாளே யூசியா அவர் பையை உற்றுப் பார்த்தாள்.

"ஏங்க மெக்கானிக், ஒரே ஒரு வாழைப்பழத் தோலு. இதுக்கு ஒரு பை, இதுக்கு ஒரு நடையா?"

"நாளைக்குப் போடலாம்னா நாறிடுமே" என்றார் தியென்ஃபு.

"வாழைப்பழத் தோலா? நீங்க நாறாம இருந்தா சரி. உடம்பு பூரா ஒரே ஆயில் வாசனை."

கூட்டம் சிரித்தது. தியென்ஃபுவும் சிரித்தார். வீட்டுக்குப் போய் சோப்புத் தேய்த்துக் குளித்தார். மறுநாள் சட்டை மாற்றிக்கொண்டு குப்பை போட வந்தார். குப்பை போடச் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்த மனிதரை நான்பூ அதற்கு முன்பு பார்த்ததில்லை.

தனிக்கட்டைக்குத் தினமும் குப்பைக்கு எங்கே போவது? கைவசம் இருந்ததைச் சின்னச் சின்னப் பையாகப் பிரித்தார். போதவில்லை. கால் வலிக்காரப் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "உங்க குப்பையை நான் போடட்டுமா?" என்று கேட்டார். அவர், "என்னப்பா, தேர்தல்ல நிக்கப் போறியா?" என்று சந்தேகமாகப் பார்த்தார்.

வண்டி தாமதமாக வரும் நாட்கள் தியென்ஃபுவுக்குத் திருவிழா. யூசியா அன்றைக்குக் கடையில் நடந்த கூத்தையெல்லாம் சொல்வாள். பள்ளிக்கூட வாத்தியார் சோயாப் பாலில் உப்புப் போட்டுக் குடித்ததையும், மகன் போன் பண்ணினால் "சாப்டியா"வுக்கு மேல் ஒரு வார்த்தை பேசாததையும் சொல்வாள். அவர் தலையாட்டுவார். கோடையில் லிச்சிப் பழத் தோல் நிறைந்த பையோடு வருவாள், "இந்தாங்க" என்று தோல் உரிக்காத ஒரு கொத்தையும் கொடுப்பாள். புயலடித்து வண்டி வராமல் போன வாரத்தில்கூட, வராது என்று தெரிந்தும், இரண்டு பேரும் கோயில் வாசலுக்கு வந்து, "வரலை போல" என்று சொல்லிவிட்டு வெகுநேரம் நின்றார்கள்.

வேலை சீக்கிரம் முடிந்துவிடக் கூடாது என்பதில் தியென்ஃபு தன்னால் ஆனதைச் செய்தார். தோண்டுகிறவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் குளிர்ந்த தேநீர் கொடுத்தார். பேய் மாசம் என்கிற ஏழாம் மாசம் பிறந்து, செத்தவர்களுக்காக வீட்டு வாசலெல்லாம் படையல் மேசை போட்டபோது, மேஸ்திரியிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"பேய் மாசத்துல மண்ணைக் கிளறுறீங்களே, இந்தப் பக்கம் முன்னாடி என்ன இருந்துச்சுன்னு தெரியுமா?"

"என்ன இருந்துச்சு?"

"நான் எதுக்குச் சொல்லணும். நீங்க வயித்துப் பொழப்புக்கு வந்தவங்க."

மறுநாள் பாதி ஆட்கள் வேலைக்கு வரவில்லை. அங்கே முன்பு இருந்தது வெறும் வாத்துக் கொட்டகை. விஷயம் தெரிந்ததும் பாவ்சு அக்கா பட்டறைக்கே வந்து அவரைக் கிழித்துத் தோரணம் கட்டிவிட்டுப் போனார்.

மனசில் இருப்பதை யூசியாவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தார். ஆனால் பேய் மாசத்தில் யார் கல்யாணப் பேச்சு எடுப்பார்கள்? மாசம் கழியட்டும் என்று விட்டார். நிலா விழா வந்தது. தோண்டிப் போட்ட தெருவோரத்திலேயே அடுப்பு மூட்டி ஆளாளுக்கு இறைச்சி சுட்டார்கள், பிள்ளைகள் பம்பளிமாஸ் தோலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினார்கள். யூசியா சுட்ட கணவாய் மீனை அவர் தட்டில் வைத்தாள். இப்போது சொல்லிவிடலாம் என்று தியென்ஃபு வாயைத் திறந்த நேரம் பார்த்து, வருஷக் கடைசிக்குள் சாலை முடிந்துவிடும் என்று யாரோ சொன்னார்கள்.

"அப்பாடா! இந்தக் கோயில் நடை மிச்சம்" என்றாள் யூசியா.

தியென்ஃபு திறந்த வாயில் கணவாயைப் போட்டு மூடிக்கொண்டார். அவளுக்கு இது வெறும் நடைதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். அதற்குப் பிறகும் தினம் போனார், தலையாட்டினார், ஒன்றும் சொல்லவில்லை. தார் போட்டார்கள், கோடு போட்டார்கள். கோயில் வாசலில் கடைசி சாயங்காலம், "சரி, வரட்டுமா?" என்றாள் யூசியா. "சரி" என்றார் தியென்ஃபு. ஒரு வருஷம் கூடவே நின்ற மனுஷன் சொன்னது அவ்வளவுதான்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. வண்டி மறுபடி தெருத்தெருவாக வரப்போகிறது. அது முதலில் அரிசி ஆலைத் தெருவுக்கு வந்து, அப்புறம் ஆற்றுத் தெருவுக்கு வரும். பட்டறை வாசலில் பையோடு நின்ற தியென்ஃபுவுக்கு ஊர் காலியாகிவிட்டது போல இருந்தது. தூரத்தில் வண்டியின் பாட்டு கேட்டது. சட்டென்று ஷட்டரை இழுத்து மூடினார், பையை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினார். குறுக்குச் சந்து வழியாக அரிசி ஆலைத் தெருவுக்குப் பறந்தார்.

தெருவே பையோடு வண்டிக்குக் காத்து நின்றது. யூசியா மட்டும் இல்லை.

"யூசியாவா?" என்றாள் தையல்கடைப் பெண். "அப்பவே பையைத் தூக்கிட்டு ஆத்துப் பக்கம் நடந்தா. வாசல்லயே வண்டி வருது, எங்கடி போறேன்னு கேட்டேன். நடந்தா உடம்புக்கு நல்லதுங்கறா."

தியென்ஃபு பையைப் போடக் காத்திருக்காமல் ஸ்கூட்டரைத் திருப்பினார். அவசரத்தில் இன்ஜின் அணைந்து, அதை மறுபடி கிளப்புவதற்குள் புதுத் தாரில் குப்பை வண்டி அவரை முந்திக்கொண்டு போனது. அவர் போய்ச் சேர்ந்தபோது அது ஆற்றுத் தெருவையும் முடித்துவிட்டு மூலை திரும்பிக்கொண்டிருந்தது. மூடிய ஷட்டர் முன்னால் யூசியா நின்றாள். அவள் கையிலும் பை அப்படியே இருந்தது.

"எங்கய்யா போய்த் தொலைஞ்சீங்க? பூட்டின கடையைப் பாத்துக்கிட்டே நின்னு வண்டியை விட்டுட்டேன்!"

"உங்க தெருவுக்குத்தான் போனேன்."

கலைந்துகொண்டிருந்த கூட்டம் திரும்பி நின்றது. பாவ்சு அக்கா இடுப்பில் கை வைத்தார். "நல்லா இருக்கு. நாளைக்குப் புதன்கிழமை, வண்டியே வராது. ரெண்டு பேரும் பையைக் கட்டிக்கிட்டு அழுங்க."

தியென்ஃபுவுக்கு வியர்த்தது. இருந்தாலும் ஒட்டியிருந்த நாக்கு எப்படியோ பெயர்ந்தது. "சாலை முடிஞ்சது எனக்குப் புடிக்கல, யூசியா. உங்களோட தினம் பேசணும். குப்பை இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி."

யூசியாவின் முகம் சிவந்தது. அவர் பையைச் சுட்டினாள்.

"அதுல என்ன?"

"மீன் தலை."

"ரெண்டு நாள் வச்சா தெருவே நாறும். எடுத்துக்கிட்டு வாங்க. என் ஃப்ரீசர்ல எடம் இருக்கு."

வண்டி வராத நாளுக்குச் சமையல் மிச்சத்தை ஃப்ரீசரில் வைப்பது நான்பூவில் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் அடுத்த வீட்டு மீன் தலையை யாரும் தன் ஃப்ரீசரில் வைக்க மாட்டார்கள். அது தெருவுக்கே புரிந்துவிட்டது. யூசியா விறுவிறுவென்று நடக்க ஆரம்பித்திருந்தாள். தியென்ஃபு மட்டும் பையைப் பிடித்துக்கொண்டு விழித்தபடி நின்றார்.

"என்னடா இன்னும் நிக்கிறே, மடையா?" என்று கத்தினார் பாவ்சு அக்கா. "பின்னாடியே போ!"