ஐஸ் பெட்டியில் வந்த வேட்டைக்காரர்

மூன்றாவது தடவை மருந்தடித்த மறுவாரம், கிறேஸின் கத்தரித் தோட்டம் முன்னையிலும் மோசமாகிப்போனது. இலைகள் வெளிறின, அடிப்பக்கத்தில் மெல்லிய வலை படர்ந்தது. அதற்குள் கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற சிவப்புப் புள்ளிகள் ஊர்ந்தன. சிற்றுண்ணிகள். முல்லைத்தீவுக் கரையில், மீன்பிடிக்கப் போகும் கணவன் றொனால்டோடு வாதாடி அவள் வைத்த முதல் தோட்டம் அது.

அந்த நேரம் பார்த்துக் கனகராயன்குளத்தில் கௌசலாவின் மகள் பெரியபிள்ளையானதற்குச் சாமத்தியவீடு வந்தது. கௌசலா, இடம்பெயர்ந்த காலத்தில் ஒரே கூடாரத்தில் இருந்த தோழி. விழாவுக்குப் போய்த் தங்கிய கிறேஸ், மறுநாள் காலை அவள் வீட்டுப் பின்வளவுக் கத்தரிக்குள் இறங்கினாள். அங்கேயும் இலைக்கடியில் அதே சிவப்பு. ஆனால் செடிகள் கரும்பச்சையாக நின்றன.

"என்ன மருந்தடி அடிக்கிறாய்?"

"மருந்தோ? மெசின் பழுதாகி மூண்டு மாதம். ஒண்டும் அடிக்கேல்ல." விவசாயப் பயிற்சி வகுப்பில் கொடுத்த உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கௌசலா நீட்டினாள். "வடிவாப் பார். ஓடித்திரியிறவர் தெரியிறாரோ?"

தெரிந்தார். வெளிர் செம்மஞ்சளாய், நீர்த்துளி போல ஒன்று. மற்றவை இருந்த இடத்திலேயே சாறு உறிஞ்ச, இது மட்டும் நில்லாமல் ஓடியது. ஓடி ஒன்றைப் பிடித்தது. பிடிபட்டது கால்களை உதறி ஓய்ந்து, வெறுந்தோலாய்ச் சுருங்கியது.

"இதுவும் சிற்றுண்ணிதான். ஆனா இலையைத் தின்னாது, மற்றதைத்தான் தின்னும். மருந்தடிச்சா முதல்ல சாகிறது இவைதான். மற்றவை தப்பிப் பெருகிவிடும்."

கிறேஸுக்குத் திக்கென்றது. மூன்று தடவையும் தோட்டத்தின் காவலாளிகளைத் தன் கையாலேயே கொன்றிருக்கிறாள்.

"எனக்கு இந்த இலையள் வேணும். பூச்சியளோட."

"பஸ் வெக்கைக்குள்ள எல்லாம் செத்துப்போமடி."

கிறேஸ் சிரித்தாள். வெயிலில் ஒன்றைக் கெடாமல் கொண்டுபோகக் கடற்கரைக்காரிக்கு யார் சொல்லிக் கொடுக்கவேண்டும்? விருந்துக்குத் தான் விளைமீன் கொண்டுவந்த ரெஜிபோம் பெட்டியை, அந்த வெண்நுரைப் பெட்டியைக் கழுவி, அடியில் கொஞ்சம் ஐஸ் இட்டாள். மேலே தடிப்பாகப் பேப்பர் விரித்து, அதன்மேல் இலைகளை அடுக்கினாள். கண்ணாடியையும் இரவல் வாங்கிக்கொண்டாள்.

மாங்குளத்தில் பஸ் மாறியபோது நடத்துனர் மூக்கைச் சுளித்தான். "மீனெண்டா பின்னால வையுங்கோ அக்கா." திறந்து காட்டினாள். "கத்தரி இலைக்கு ஐஸோ!" பஸ்ஸே சிரித்தது. அவள் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை.

அன்று பின்னேரமே செடிக்கு ஓரிலையாகக் கட்டினாள்.

"இருக்கிற பூச்சி காணாதெண்டே இன்னும் கொண்டந்தனீ?" என்றான் றொனால்ட்.

"பத்து நாள் பொறுங்கோ."

ஒரு வாரம் எதுவும் மாறவில்லை. இரண்டு வரிசை கருகியே போனது. எட்டாம் நாள் றொனால்ட் மருந்து மெசினைத் தோளில் கொழுவிக்கொண்டு வந்தான். கிறேஸ் வரிசைக்குக் குறுக்கே நின்றாள்.

"இன்னும் ரெண்டு நாள். அதுக்குப் பிறகும் இப்பிடியெண்டா, நானே புடுங்கி எறியிறன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். மெசினை இறக்கி வைத்தான்.

பத்தாம் நாள் காலை இலையைப் புரட்டினாள். வலை வெறுமையாய்க் கிடந்தது. அதற்குள் தூசி போலச் செத்த தோல்கள். அடுத்த இலை, அதற்கடுத்தது, எல்லாம் அப்படியே. இலை கட்டாமல் விட்ட வேலியோரச் செடியிலும் செம்மஞ்சள்காரர்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். குருத்துகளில் ஒரு புள்ளிகூட இல்லை.

அவள் போட்ட கூச்சலில், மீன்வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்த றொனால்ட் தடியோடு ஓடிவந்தான். "எங்கையடி பாம்பு?"

"பாம்பில்லை. வந்து பாருங்கோ!"

அவன் கண்ணாடிக்குள் நெடுநேரம் பார்த்தான். "உவன் சுறா மாதிரியெல்லோ பாயிறான்!" என்று கத்தினான். பிறகு இலை இலையாக, சின்னப் பிள்ளையைப் போல, தானே தேடத் தொடங்கினான்.

அடுத்த மாதம் காய்ப் பாரத்தில் கொப்புகள் நிலம் தொட்டன. புதுக்குடியிருப்புச் சந்தையில் மினுங்கும் ஊதாக் காய்களை மூடையிலிருந்து கொட்டியபோது, ஒரு பெண் ஒன்றைக் கையிலெடுத்து உருட்டிப் பார்த்தாள்.

"நல்ல காய். ஆரின்ரை தோட்டம்?"

"என்ரை!" என்றாள் கிறேஸ், சந்தை முழுக்கக் கேட்கும்படி.