பதினொரு ஷட்டர்கள்

ராயபுரம் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் லியாகத் அலிக்குச் சொந்தமாக ஒரு கட்டடம் இருந்தது. காலையில் டீ குடித்த கையோடு அதைப் போய் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவார். கீழே ஆறு கடைகள், மாடியில் ஐந்து. பதினொன்றும் பூட்டிக் கிடந்தன. ஷட்டர்களில் கட்சிப் போஸ்டரும் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டரும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டியிருந்தன.

ஐந்து வருஷத்துக்கு முன்பு அங்கே மருந்துக்கடை, ஜெராக்ஸ் கடை, செல்போன் ரிப்பேர், ஜானட்டின் தையல்கடை எல்லாம் இருந்தன. புரோக்கர் கருணாகரன்தான் ஆசை காட்டினான்.

"சில்லறை ஆளுங்கள வெச்சிக்கினு இன்னாத்துக்கு பாய் பேஜாரு? ஒருத்தன் காலி பண்ண மாட்டேன்னு குந்திக்கினா கோர்ட்டுக்கு அலையணும். மொத்தமா காலி பண்ணுங்க. பெரிய ஷோரூம் பார்ட்டிய இட்டாறேன்."

லியாகத் எல்லோரையும் அனுப்பினார். பள்ளி யூனிஃபார்ம் ஆர்டர் முடியும்வரை மூன்று மாதம் கேட்ட ஜானட்டுக்கு ஒரு வாரம்தான் கொடுத்தார். ஷோரூம் வரவில்லை. இட்லிக்கடை வைக்க, டியூஷன் நடத்த என்று வந்து கேட்டவர்களையும் திருப்பி அனுப்பினார். ஜனம் வருவது நின்றதும் எதிரே இருந்த டீக்கடை மூடியது. அப்புறம் சலூனும் மூடியது. பகலிலேயே தெருவில் ஆள் இல்லை.

மே மாதத்தில் ஒருநாள் அவர் மனைவி ஜஸீமாவுக்கு பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது. பக்கத்து மருந்துக்கடைதான் இல்லையே, மெயின் ரோடுவரை நடந்து போய் வாங்கினாள். திரும்பி வரும்போது கணவனின் கட்டடத்துப் படியில் கால் துவண்டு உட்கார்ந்தாள். பிறகு சரிந்தாள். அந்த வழியே பைக்கில் போன இரண்டு மூன்று பேர், யாரோ நிழலில் படுத்திருப்பதாக நினைத்துக் கடந்து போனார்கள். லியாகத் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்குக் குப்பை வண்டியோடு வந்த துப்புரவுப் பணியாளர் நீலாதான் பார்த்தாள். கத்தினாள். யாரும் வரவில்லை. மெயின் ரோடுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்தாள்.

"எப்ப விழுந்தாங்க?" என்று டாக்டர் கேட்டார். யாருக்கும் தெரியவில்லை. மாத்திரை பில்லில் இரண்டு ஐம்பது என்று நேரம் இருந்தது. "உடனே கொண்டுவந்திருந்தா நிறைய காப்பாத்தியிருக்கலாம்" என்றார்.

உயிர் தங்கியது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு போய்விட்டது.

லியாகத் அழவில்லை. வேறு யாருக்கோ நடந்ததைக் கேட்பதுபோல நின்றார். மாதவரத்திலிருந்து மகள் ஹஃப்சா வந்து கட்டிப்பிடித்துக் கதறியபோது, "சாப்ட்டியாமா?" என்று மட்டும் கேட்டார்.

ஜஸீமாவை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நீலாவைத் தேடிப்போய் நன்றி சொன்னார்.

"நன்றி இன்னாத்துக்கு பாய்? தொண்டை கிழிய கத்துனேன். ஒரு ஜனம் வர்ல. அந்தத் தெருவுல கத்துனா யார் காதுல வுழும்? அல்லாம் பூட்டிக் கெடக்குது" என்றாள் அவள். அவளுக்கு அந்தக் கட்டடம் யாருடையது என்று தெரியாது.

அங்கிருந்து நேராக ஜானட் வீட்டுக்குப் போனார்.

"கடைய எடுத்துக்கோம்மா."

ஜானட் தையல் மெஷினிலிருந்து எழுந்திருக்கவில்லை. "இப்ப இன்னா பாய் திடீர்னு? அன்னிக்கு நான் அங்க குந்திக்கினு இருந்தா, அக்கா வுழுந்தத பாத்திருப்பேன்."

"ஆமா" என்றார் லியாகத்.

மூன்று வருஷத்துக்குக் காலி பண்ணச் சொல்வதில்லை என்று எழுதிக் கொடுத்தால் வருவதாக ஜானட் சொன்னாள். எழுதிக் கொடுத்தார். பழைய மருந்துக்கடைக்காரர் வேறு இடத்தில் ஊன்றிவிட்டதால் வர மறுத்தார். மருந்துக்கடை வைக்க வேறொருவர் வந்தார். இட்லிக்கடையும் டியூஷனும் வந்தன. இரண்டு மாதத்தில் நாலு கடை திறந்தது. ஏழு இன்னும் மூடித்தான் கிடந்தன.

அப்போது கருணாகரன் மூச்சு வாங்க வந்தான். "பாய், பார்ட்டி வந்தாச்சு! ஹார்பர் சரக்கு வைக்க மொத்த கட்டடமும் கேக்குறாங்க. ஆள் நடமாட்டமே இருக்காது. ஷட்டர் மூடியேதான் கெடக்கும். உங்களுக்கு ஒரு தொல்லையும் கெடையாது."

ஜஸீமாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த லியாகத் திரும்பிப் பார்த்தார்.

"வேணாம் கருணாகரன். கட்டடம் என்னோடதுதான். ஆனா நான் அத பூட்டி வெச்சா தெரு செத்துப்போவுது. செத்த தெருவுல ஒருத்தர் வுழுந்தா தூக்க நாதி கெடையாது. காலி கடை வெச்சிருக்கவன் அல்லாரும் இத புரிஞ்சிக்கணும். நான் பொண்டாட்டிய படுக்கையில போட்டப்புறம்தான் புரிஞ்சிக்கினேன்."

குரலில் கோபம் இல்லை, துக்கமும் இல்லை. ஜஸீமாவின் வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டு, அடுத்த ஸ்பூனை எடுத்தார்.