கழன்று கிடந்த மூடி

உருளைக்கிழங்கு சீவும் இயந்திரத்தில் இரண்டு விரல்கள் போனபிறகு அவளை லேபிள் ஒட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். விபத்து நடந்தபோது, பிளேடின் மேல் இருக்கவேண்டிய மூடி ஒன்பது நாளாகக் கழன்று சுவரோரம் கிடந்தது. "இன்னைக்கு ஒருநாள் ஓட்டிடு, நாளைக்கு மாட்டிடலாம்" என்று தினமும் சொன்ன சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, அவளுடைய அக்கா புருஷன்தான்.

ஒரு வருடம் கழித்து அவரே வீடு தேடி வந்தார்.

"புதுசா வர்றவங்களுக்கு வி.ஆர். கண்ணாடி மாட்டிப் பயிற்சி குடுக்கப் போறாங்க. உனக்கு நடந்ததை அப்படியே காட்டணுமாம். நீ சொன்னா நாலு பேரோட கை தப்பும்மா."

படம் தயாரிக்க வந்தவர்களிடம் அவள் எல்லாம் சொன்னாள். நின்ற இடம், சிக்கிய கிழங்கு, கழன்று கிடந்த மூடி. "ஓட்டச் சொன்னது யாரு?" என்று கேட்டபோது மட்டும் அத்தானைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. ஞாபகமில்லை என்றுவிட்டாள்.

பயிற்சி தொடங்கிய நாளில் புதியவர்கள் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மரியாதைக்காக முதல் கண்ணாடியை அவளுக்கு மாட்டினார்கள். கண்ணாடிக்குள்ளே அதே கூடம், அதே ஈரத்தரை. இயந்திரத்தில் மூடி கச்சிதமாகப் பூட்டியிருந்தது. அவளைப்போலவே குள்ளமான ஒரு பெண் போனைப் பார்த்துச் சிரித்தபடி மூடியைத் திறந்து கையை விட்டாள். சிவப்பு எழுத்து வந்தது: 'காரணம்: தொழிலாளியின் அலட்சியம்.'

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பக்கத்தில் நின்றிருந்த அத்தானிடம் திரும்பினாள்.

"அத்தான், மூடியை யாரு மாட்டினது?"

அவர் தரையைப் பார்த்தார். "எப்படி நடந்ததுன்னு மேல இருந்து கேட்டாங்க. இப்படி எழுதிக் குடுத்தேன். இல்லேன்னா என் வேலை போயிருக்கும்மா."

"நான் உங்க பேரைச் சொல்லவே இல்லையே!"

"தெரியும்."

தெரிந்தேதான் செய்திருக்கிறார். விரல் போனபோதுகூட அவளுக்கு இப்படி வலிக்கவில்லை.

விரல் போன கையை மறைத்திருந்த கையுறையை உருவிவிட்டுப் புதியவர்கள் பக்கம் திரும்பினாள். "இதுல காட்டுறது பொய். அன்னைக்கு மூடியே இல்ல. மூடி இல்லாத மெஷினை யாரு ஓட்டச் சொன்னாலும் தொடாதீங்க."

"யாருக்கா ஓட்டச் சொன்னது?" என்றாள் ஒருத்தி.

அவள் விரல் நீட்டிக் காட்டினாள். அன்றே அதை எழுதியும் கொடுத்தாள். விசாரணை நடந்தது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டார்கள். அத்தானின் சூப்பர்வைசர் பதவியும் போனது.

அக்கா ஒரே ஒருமுறை போன் செய்தாள். "ஊரார் எதிர்ல என் குடும்பத்தை நாறடிச்சிட்டியே!"

"என்னை நாறடிச்சது உனக்குத் தெரியுமாக்கா?"

அக்கா போனை வைத்துவிட்டாள்.