இருமி விதைத்த பருத்தி

பஞ்சு பிரிக்கிற மில்லில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவள் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கும்போது இருமினாள். ஒரு பருத்தி விதை வந்து விழுந்தது. தெருவில் அவளுக்கு இருமல்காரி என்றே பெயர். விதையைக் கழுவிப் பார்த்தாள். மேலே சாம்பல் நிறத்தில் ரோமம் ஒட்டிய, நன்றாக முற்றிய விதை. சைக்கிள் கடை வைத்திருந்த புருஷன் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சொத்தை இல்ல" என்றான். அதற்கு மேல் பேச அதில் என்ன இருக்கிறது?

மறுநாள் இரண்டு விழுந்தன, அதற்கு மறுநாள் ஐந்து. எல்லாவற்றையும் மில் டாக்டரிடம் கொண்டுபோனாள். வருஷா வருஷம் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுக்கிற புண்ணியவான் அவர். படுத்தால் மூச்சு அடைக்கிறது, ஏழு வருஷமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறேன் என்று அவளும் சொல்லாமல் விட்டதில்லை. விதைகளை மேஜையில் கொட்டினாள். அவர் நிமிராமலே அதே சீட்டை எழுதி நீட்டினார். அவளுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. ஒன்றுமில்லாத நெஞ்சில் என்ன இருக்கிறதென்று எல்லோரும் பார்க்கட்டும் என்று வீட்டுக்கு வந்தவள், விதைகளை ஊறப்போட்டு, ஈரமண்ணில் தேய்த்து ரோமத்தை அடக்கி, வெயில் விழுகிற பின்வாசலில் விரல்கணு ஆழத்துக்கு ஊன்றினாள்.

ஐந்தாம் நாள் முளை விட்டது. பூக்கள் முதல் நாள் வெளுப்பாகவும் மறுநாள் ரோஸாகவும் இருந்து உதிர்ந்தன. அதில் அதிசயம் ஒன்றுமில்லை, பருத்திப் பூவே அப்படித்தான். காய் வெடித்தபோதுதான் சின்ன வித்தியாசம். ஒவ்வொரு காயும் திறக்கும்போது பெருமூச்சு விட்டது. ஒவ்வொரு பெருமூச்சுக்கும் அவள் நெஞ்சு கொஞ்சம் தளர்ந்தது. இதைக் கேள்விப்பட்டு மில்லில் மற்ற பெண்களும் வெட்கத்தை விட்டு இருமி, அகப்பட்டதைத் தொட்டியிலும் ஓட்டை வாளியிலும் ஊன்றினார்கள். அந்த வருஷம் தெருவே வெள்ளையாகக் கிடந்தது.

மில் கேட்டில் வாட்ச்மேன் தினமும் பெண்களை நிறுத்தி மடியை உதறச் சொல்வான், கொண்டையை அவிழ்க்கச் சொல்வான். ஒரு இழை வெளியே போகக்கூடாது. நெஞ்சைச் சோதிக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. விஷயம் காதுக்கு எட்டியதும் மேனேஜர் வாட்ச்மேன் கையில் மண்வெட்டியைக் கொடுத்து அழைத்துக்கொண்டு நேராகப் பின்வாசலுக்கே வந்துவிட்டார்.

"இது மில்லோட பருத்தி. பிடுங்குய்யா எல்லாத்தையும்!"

அவள் செடிக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் போய் நின்றாள். மேனேஜர் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. மூக்கு கொஞ்சம் கோணல் என்று அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் கொடுத்த பதினெட்டுச் சீட்டுகளையும் மடியிலிருந்து எடுத்து அவர் முன்னால் தரையில் பரப்பினாள்.

"மில்லோடதுதான் சார், நான் இல்லேங்கல. தாராளமா எடுத்துட்டுப் போங்க. ஆனா அது என் நெஞ்சுக்குள்ள இருந்துச்சுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு எடுங்க. நெஞ்சுல ஒண்ணுமில்லேன்னா, இது என் செடி. தொட்டீங்கன்னா நடக்கறதே வேற."

பக்கத்தில் நின்ற புருஷன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினான். மேனேஜர் பேனாவை வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்து வாட்ச்மேனுக்கு இருமல் வந்தது. உள்ளங்கையில் விழுந்ததை எல்லோரும் பார்த்தார்கள். அவன் விரல்களை மூடிக்கொண்டு, "மண்வெட்டி சரியில்லீங்க சார்" என்றான். மேனேஜர் திரும்பிப் போய்விட்டார். அடுத்த மழைக்கு மில் கேட் ஓரமாக ஒரு பருத்திச் செடி எழும்பியது. யார் ஊன்றியது என்று வாட்ச்மேனைத் தவிர எல்லோரும் விசாரித்தார்கள்.

அவள் தன் பஞ்சை எடுத்து, விதை நீக்கி, ஒரு தலையணைக்கு அடைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏழு வருஷம் கழித்து, அதில் தலை வைத்து மல்லாந்து படுத்தாள். கடையைச் சாத்திவிட்டு வந்த புருஷன், சுவரில் அவள் முதுகு பதிந்த கறையையும் அவள் கால் நீட்டிக் கிடப்பதையும் மாறி மாறிப் பார்த்தான். பதறிப்போய் மூக்கருகே விரலை வைத்தான். மூச்சு சீராக வந்தது. தலையணைக்குள்ளிருந்தும் வந்தது. இரண்டையும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனான்.