ஓரம் வெட்டாத புத்தகங்கள்

1

ஒருவரைக் கிண்டல் செய்யத்தான் இந்தக் கதையைத் தொடங்கினேன். பழைய புத்தகக் கடையில், வாங்கிப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுப்பவர். அந்தப் புத்தகத்தின் மேல் அவர் சொன்ன குற்றம்: அதை யாரோ படித்திருக்கிறார்கள்.

(அந்தக் காலத்துப் புத்தகங்கள் சிலவற்றில் தாளின் மடிப்பு பிரிக்கப்படாமலே வரும். வாங்கியவர் கத்தியால் ஓரத்தை வெட்டிப் படிக்க வேண்டும். வெட்டாத பிரதிக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு.)

2

அவர் அலமாரியில் தோல் அட்டை போட்ட புத்தகங்கள் நூற்றுப்பத்து. அத்தனையும் கிறிஸ்தவ விசுவாசத்தைக் கேள்வி கேட்பவர்களிடமிருந்து காப்பாற்ற எழுதப்பட்டவை. அவற்றை அவர் பூச்சியிடமிருந்து காப்பாற்றிவந்தார்.

‘அவருக்கு விசுவாசம் இருந்தது’ என்று எழுதி அடித்தேன். ‘இல்லை’ என்று எழுதி அதையும் அடித்தேன். அலமாரியில் பத்திரமாக இருப்பதாக நினைத்திருந்தார், அவ்வளவுதான்.

3

அவர் மனைவியைக் கதைக்குள் விட்டிருக்கக் கூடாது. கிண்டல் அங்கேயே செத்தது.

மறுநாள் காலை அவளுக்குத் தலையில் ஆபரேஷன். ஸ்கேனில் கட்டியை முதலில் பார்த்தவரே அவர்தான். அதற்கு முந்தின மத்தியானம், துணிகளைப் பையில் அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

“ஏங்க, நான் ஜெபம் பண்றதெல்லாம் எங்கேயாவது போய்ச் சேருதா? உங்க புக்குல யாராவது சொல்லியிருப்பாங்கல்ல, எடுத்துட்டு வாங்க.”

எது என்று அவருக்குத் தெரியும், பொருளடக்கங்கள் மனப்பாடம். கொண்டுவந்து அந்த அத்தியாயத்தைத் தேடினார். பக்கங்கள் ஒட்டியே இருந்தன.

“கல்யாணம் ஆனதிலேர்ந்து தொடச்சுட்டே இருக்கீங்க. ஒண்ணைக்கூடப் படிச்சதில்லையா?”

“வெட்டினா மதிப்பு போயிடும்.”

(இந்த வரியை நான்கு முறை மாற்றினேன். அவர் வேறு எதையும் சொல்ல மறுக்கிறார்.)

“யாருகிட்ட?” என்றாள்.

4

ஒரு முடிவு: புத்தகத்தை மூடிவிட்டு, ‘சேரும்’ என்று அவராகச் சொல்கிறார். அப்படிச் சொன்னால் அவரை இந்தக் கதையிலிருந்து துரத்திவிடுவேன்.

இன்னொன்று: அவள் சிரித்தாள், அந்தச் சிரிப்பில்

வேண்டாம்.

ஆகவே வெட்டுகிறார். பழம் நறுக்கும் கத்தி. ஓரம் கோணலாகக் கிழிகிறது. இரண்டு பக்கங்கள் திறக்கின்றன.

“படிங்க” என்கிறாள்.

மாட்டிக்கொண்டது நான். அதில் என்ன இருக்கிறதென்று நான்தானே எழுத வேண்டும்? ஆறுதலாக ஒன்று எழுதினேன். அறிவாக ஒன்று எழுதினேன். இரண்டும் நாளைக் காலை வரை தாங்காது.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டுவிட்டார். அவள் பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். பக்கத்தை, இந்தக் கதையைப் படிக்கும் உங்களிடமே தருகிறேன். அவளுக்குக் கேட்கும்படி படியுங்கள். பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. உங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.