குடோனில் நின்ற வில்லிஸ்

ஜெயகணேஷுக்கு அந்த வண்டியை இரும்புக்குப் போட்டுவிட வேண்டும் என்றுதான் இருந்தது. உடன்குடியில் அவனுடைய கருப்பட்டிக் குடோனின் பின்பக்கம், தகரக் கூரைக்கு அடியில், இருபத்தெட்டு வருஷமாக அந்த வில்லிஸ் பிக்கப் அசையாமல் நின்றது. அவன் அப்பா சங்கரபாண்டியன் வாங்கியது. அப்பா போய் மூன்று வருஷம் ஆன பிறகு, பழைய இரும்பு எடுக்கிற ஒருவரை அழைத்து வந்து காட்டினான். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "செவ்வாக்கெழம கிரேனோட வாரேன்" என்று சொல்லிப் போனார்.

செவ்வாய்க்கிழமை வருவதற்குள் அவன் மனைவி பானுப்ரியா குறுக்கே வந்தாள். தூத்துக்குடிக்காரி. அவள் அப்பா துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரிகள் வைத்திருந்தவர். கடையின் லோடு வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு திருச்செந்தூர் வரை போய்ச் சரக்குப் போட்டுவிட்டு வருவாள்.

"இத இரும்புக்குப் போட ஒங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு? அறுவத்திரெண்டு மாடல். பாடியில ஒரு ஓட்ட கெடயாது. எஞ்சினத் தொறந்து பாப்போம். ஆவாதுன்னா பொறவு போடுங்க."

"அது செத்துப்போன எஞ்சின், பானு."

"யாரு தொறந்து பாத்தா?"

யாரும் திறந்து பார்க்கவில்லை. யாரும் பார்த்துவிடக் கூடாது என்பதுதான் ஜெயகணேஷின் கவலை.

வண்டி நின்றுபோனபோது அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வண்டியின் டிரைவர் தேவமணி, தன் மகளுக்கு ஞானஸ்நானம் என்று நாசரேத்துக்குப் போயிருந்தார். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு, கூட்டாளிகள் மூன்று பேரோடு ஜெயகணேஷ் மணப்பாடு கடற்கரைக்குப் போனான். ஈர மணலில் வண்டியை விரட்டினார்கள். ஒரு அலை வந்து கதவு வரைக்கும் அடித்தது. எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு மறுபடி ஓடியது. திரும்பி வரும்போது, உடன்குடிக்கு ஒரு மைலுக்கு முன்னால், எஞ்சினுக்குள் கரகரவென்று ஒரு சத்தம். அதோடு நின்றது. நான்கு பேருமாகத் தள்ளிக்கொண்டு வந்து குடோனில் விட்டார்கள்.

மறுநாள் காலையில் தேவமணி எவ்வளவு முயன்றும் வண்டி கிளம்பவில்லை. பஸ் ஸ்டாண்டிலிருந்து வந்த மெக்கானிக், சக்கரத்துக்கு மேலே ஒட்டியிருந்த கடல் மணலைப் பார்த்தார். எஞ்சினில் கை வைக்காமலே, "உப்புத்தண்ணி உள்ள போயிருக்கு, இனிமே தேறாது" என்று சொன்னார். சங்கரபாண்டியன் தேவமணியைப் பார்த்து, கடற்கரைக்குப் போனாயா என்று கேட்டார். தேவமணி இல்லை என்றார். சனிக்கிழமை சாயங்காலமே போயிருப்பார் என்று நினைத்த சங்கரபாண்டியன் அதை நம்பவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஜெயகணேஷ் அதே அறையில் தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. இப்போது எஞ்சினைத் திறந்தால் உள்ளே உப்புத் துரு இருக்கும். பானுப்ரியா யார் ஓட்டியது என்று கேட்பாள். பழைய டிரைவர் என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உண்மையைச் சொல்ல வேண்டும்.

அவள் அதற்குள் காயல்பட்டினத்துக்குப் போன் போட்டுவிட்டாள். அங்கே அம்ஜத் என்று ஒருவர் வொர்க்‌ஷாப் வைத்திருந்தார். சவூதியில், தம்மாமில் பதினெட்டு வருஷம் பழைய வண்டிகளைப் பிரித்து மாட்டியவர். கிரேன் வருவதற்கு முதல் நாளே அவர் வந்தார். பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். முன்பக்கம் ஹேண்டிலைக் கொடுத்துச் சுற்றப் பார்த்தார். அசையவில்லை.

"ஜாம் ஆயிருக்கு. இவ்வளவு வருசம் நின்னா அப்படித்தான் அண்ணாச்சி. பிளக்கைக் கழத்திட்டு உள்ள எண்ண ஊத்துவோம். பத்து நாள் ஊறட்டும். சுத்துச்சுன்னா வேலையத் தொடங்கிரலாம்."

"சுத்தலன்னா?"

"சுத்தலன்னா அப்பப் பாப்போம்."

கிரேன் வர வேண்டாம் என்று பானுப்ரியா சொல்லி அனுப்பிவிட்டாள். அந்தப் பத்து நாளும் ஜெயகணேஷ் தினமும் குடோனுக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வந்தான். சுற்றக் கூடாது என்று ஒரு நாள் நினைத்தான். சுற்றட்டும் என்று மறுநாள் நினைத்தான். பானுப்ரியா அவனுக்கு உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு அம்ஜத் வந்தார். பிளக்குகளுக்குக் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிச் சுத்தம் பண்ணுவதற்காக ஓரத்தில் வைத்தார். பிறகு "பிஸ்மில்லாஹ்" என்று சொல்லி ஹேண்டிலில் மெல்ல பாரத்தைக் கொடுத்தார். முதலில் ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். எஞ்சினுக்குள் ஏதோ விட்டுக்கொடுத்த மாதிரி ஒரு சத்தம். ஹேண்டில் கால் சுற்று இறங்கியது. பிறகு அரைச் சுற்று. பிறகு முழுச் சுற்று.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் அம்ஜத். பானுப்ரியா கை தட்டினாள்.

அம்ஜத் அடுத்த நிமிஷமே முகத்தைச் சுளித்தார். "அக்கா, நீங்க ஹேண்டிலச் சுத்துங்க" என்று சொல்லிவிட்டு, திறந்து கிடந்த டிஸ்ட்ரிபியூட்டருக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். பானுப்ரியா சுற்றினாள்.

"எஞ்சின் சுத்துது, இதுக்குள்ள இருக்க ரோட்டர் சுத்தல. ரெண்டும் சேந்து சுத்தணும். டைமிங் கியர்லதான் கோளாறு. முன் மூடியக் கழத்திருவோம்."

அதைக் கழற்ற மத்தியானம் ஆகிவிட்டது. மூடி வந்ததும் உள்ளேயிருந்து பழுப்பு நிறத்தில் தூளும் துண்டுமாகக் கொட்டியது. அம்ஜத் பெரிய பல்சக்கரத்தை விரலால் தடவிக் காட்டினார். ஒரு பக்கம் பற்களே இல்லை.

"இது இரும்பு இல்ல, ஃபைபர். சத்தம் வராம இருக்கதுக்காக அந்தக் காலத்துல இப்படிப் போட்டாங்க. வயசானா பல்லு கழண்டுரும். எஞ்சின் பட்டுன்னு நின்னுரும். என்ன செஞ்சாலும் கெளம்பாது. அன்னைக்கு யாராவது இந்த மூடியக் கழத்தியிருந்தா ரெண்டு நாள்ல ஓடியிருக்கும்."

ஜெயகணேஷ் நெருங்கி வந்தான். "உப்புத்தண்ணி போனதுனால இப்படி ஆவுமா, பாய்?"

"உப்புத்தண்ணிக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? கொஞ்சம் இருங்க, அடியயும் பாத்துருவோம்."

அம்ஜத் வண்டிக்கு அடியில் படுத்து எண்ணெயை வடித்தார். கறுப்பாக, கெட்டியாக, வேண்டிய அளவுக்கு வந்தது. எண்ணெய்த் தொட்டியைக் கழற்றித் துடைத்துக் காட்டினார். அடியில் துரு இல்லை. பேரிங்குகள் நன்றாக இருந்தன.

"ஒரு சொட்டு கடத்தண்ணி உள்ள போவல. மேலதான் தெறிச்சிருக்கும். இந்தப் பல்லு அன்னைக்கு இல்லன்னா அடுத்த வாரம் ஆறுமுகநேரி ரோட்டுல கழண்டிருக்கும். அவ்வளவுதான்."

ஜெயகணேஷ் அங்கேயே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். என்ன ஆயிற்று என்று பானுப்ரியா குனிந்தாள். அவன் அம்ஜத் இருப்பதைக்கூட யோசிக்காமல் எல்லாவற்றையும் சொன்னான். சாவி, மணப்பாடு, அலை, தராசுக்குப் பக்கத்தில் நின்றது. சொல்லி முடித்தபோது அம்ஜத் கையிலிருந்த துணியால் தேவையில்லாமல் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பானுப்ரியா அவனைத் திட்டவில்லை. "அந்த டிரைவர் இப்ப எங்க இருக்காரு?" என்று மட்டும் கேட்டாள்.

"நாசரேத்துலதான்."

"அப்ப நாளைக்குக் காலையில போவோம்."

தேவமணிக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டி ஓய்வு பெற்றிருந்தார். அவர்கள் போனபோது வீட்டு முன்னால் நின்று முருங்கைக் கிளை வெட்டிக்கொண்டிருந்தார். ஜெயகணேஷை உடனே அடையாளம் தெரிந்துகொண்டார்.

"சங்கரபாண்டியன் அண்ணாச்சி மவன்தான? வாங்க. அப்பா தவறுனதக் கேள்விப்பட்டேன்."

நாற்காலி போட்டார். அவர் மனைவி ரேச்சல் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு வாசற்படியில் நின்றாள். ஜெயகணேஷ் டீயைத் தொடவில்லை.

"அண்ணே, அன்னைக்கு வண்டிய மணப்பாட்டுக்கு எடுத்துட்டுப் போனது நான்தான். அப்பா ஒங்களக் கேக்கும்போது நான் அங்கனதான் நின்னேன். வாயத் தொறக்கல."

தேவமணி அவனையே பார்த்தார். ரேச்சல்தான் பேசினாள்.

"வண்டியக் கெடுத்தவருன்னு சொல்லி உடன்குடியில ஒருத்தரும் இவுகள வேலைக்கு எடுக்கல. ரெண்டு வருசம் தூத்துக்குடியில உப்பு லாரி ஓட்டுனாக. மாசத்துக்கு ரெண்டு தடவதான் வீட்டுக்கு வருவாக. எம்மவ இவுக தூக்குனா யாரோன்னு அழுவா. ஞானஸ்நானம் குடுத்தமே, அந்தப் புள்ள."

"இதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா" என்றான் ஜெயகணேஷ். "தெரிஞ்சுக்கணும்னு நான் பாக்கவும் இல்ல."

"ஏளா, செத்த இரி" என்று மனைவியிடம் சொன்னார் தேவமணி. அவர் குரல் மாறியிருந்தது. "எஞ்சினத் தொறந்து பாத்தியளா?"

ஜெயகணேஷ் போனில் எடுத்திருந்த பல்சக்கரத்தின் படத்தைக் காட்டி, அம்ஜத் சொன்னதைச் சொன்னான். தேவமணி போனைக் கையில் வாங்கி வெயிலுக்கு மறைத்துக்கொண்டு பார்த்தார்.

"எண்ண? உள்ள எண்ண இருந்துச்சா?"

"தேவையான அளவுக்கு இருந்துச்சுண்ணே. பேரிங் எல்லாம் நல்லா இருக்குன்னாரு."

தேவமணி போனைத் திருப்பிக் கொடுத்தார். வெட்டிய கிளையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார்.

"அந்தச் சனிக்கெழம எண்ண மீட்டர்ல முள்ளு கீழ கெடந்துச்சு. திங்கக்கெழம ஊத்திக்கிடலாம்னு நாசரேத்துக்கு வந்துட்டேன். திங்கக்கெழம வண்டி கெளம்பல. கடக்கரைக்குப் போனியான்னு ஒங்க அப்பா கேட்டாரு, இல்லன்னேன். எண்ண பாத்தியான்னு கேட்டிருந்தா நான் என்ன சொல்லியிருப்பேன்? நான்தான் எஞ்சினக் கொன்னுட்டேன்னு நெனச்சு, எண்ணயத் தொட்டுப் பாக்கவே பயந்தேன். அதனாலதான் சண்ட போடாம சாவிய வச்சுட்டு வந்தேன்."

"இத எங்கிட்டகூடச் சொல்லலயே நீங்க" என்றாள் ரேச்சல்.

"ஸ்கூல் வேன்ல ஒரு நா எண்ண பாக்காம சாவியத் திருவுனதில்ல" என்றார் தேவமணி. சொல்லிவிட்டுச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது. "அந்த மீட்டர்தான் பொய் சொல்லிருக்கு போல."

ஜெயகணேஷ் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தான். அவன் எழுந்தபோது தேவமணியும் எழுந்தார்.

"தம்பி, எங்கிட்டச் சொல்லிட்டிய. சந்தோசம். உடன்குடியிலயும் சொல்லணும்."

"சொல்லுதேன்."

"நான் இருக்கும்போது சொல்லணும்."

"நானும் வருவேன்" என்றாள் ரேச்சல்.

வியாழக்கிழமை அவர்கள் இருவரும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கடைவீதியில் சரக்கு இறங்கும் நேரம். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் ஏழெட்டுப் பேரை ஜெயகணேஷ் தன் கடைக்குள் வரச்சொல்லியிருந்தான். இரண்டு பேர் அப்பாவின் வயதுக்காரர்கள். பானுப்ரியா கல்லாப் பக்கம் நின்றாள். ஜெயகணேஷ் பேச்சை நீட்டவில்லை. வண்டியை எடுத்தது தான் என்றும், தேவமணி அண்ணன்மேல் ஒரு தப்பும் இல்லை என்றும், அப்பாவிடம் தான் மறைத்ததாகவும் சொன்னான். பெரியவர்களில் ஒருவர், "இப்பயாவது சொன்னியே" என்று சொல்லிவிட்டு, தேவமணியின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்தார். ரேச்சல் எல்லார் முகத்தையும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துக்கொண்டாள். பிறகு, "வண்டி எங்க நிக்கி?" என்று கேட்டாள்.

குடோனில் அம்ஜத் தன் ஆட்களோடு காத்திருந்தார். கோயம்புத்தூரிலிருந்து புதுப் பல்சக்கரம் வர ஒரு வாரம் ஆகும். அதுவரை சும்மா இருக்க வேண்டாம் என்று பாடியைக் கழற்ற ஏற்பாடு பண்ணியிருந்தார். எந்தப் போல்ட் எங்கே ஒளிந்திருக்கும் என்று தேவமணிக்கு நினைவிருந்தது. சீட்டுக்கு அடியில் இரண்டு, பெடலுக்குப் பின்னால் ஒன்று. ஜெயகணேஷ் கழற்றிய போல்ட்டுகளை டப்பாவில் வாங்கி வைத்தான். பானுப்ரியா ஒவ்வொரு டப்பாவிலும் பேர் எழுதி ஒட்டினாள்.

ஆறு பேர் சேர்ந்து பாடியைத் தூக்கி ஓரத்தில் கட்டைகள்மேல் வைத்தார்கள். முதல் தடவையாக வெறும் சேஸி வெளிச்சத்துக்கு வந்தது. அம்ஜத் சின்னச் சுத்தியலால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனார். எல்லா இடத்திலும் கணீரென்று கேட்டது. பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் மட்டும் சத்தம் மந்தமாக இருந்தது.

"இந்த ஒரு சட்டத்த மட்டும் துரு தின்னுருக்கு, மாத்தணும். மத்ததெல்லாம் நல்ல இரும்பு. ஆறு மாசம் குடுங்க அண்ணாச்சி, ரோட்டுல விட்டுரலாம்."

"யாரு ஓட்டுதது?" என்று கேட்டாள் பானுப்ரியா.

"மொதல்ல நான்" என்றார் தேவமணி.

மத்தியானம் குடோனிலேயே இலை போட்டு எல்லாரும் சாப்பிட்டார்கள். ரேச்சல் ஜெயகணேஷுக்கு எதிரே உட்கார்ந்து, அவனோடு பேசாமல்தான் சாப்பிட்டாள். ஆனால் அவன் இலையில் குழம்பு இல்லாததைப் பார்த்து வாளியை அவன் பக்கம் நகர்த்திவிட்டாள். ஜெயகணேஷ் இன்னொரு தடவை சோறு கேட்டு வாங்கிக்கொண்டான்.