முருங்கைச் சாறு தெளித்த வயல்

கமலாத்தாள் ஆட்டுக்கல்லில் முருங்கை இலையை அரைத்துப் பழைய வேட்டித் துணியில் பிழிந்தாள். ஒரு படிச் சாற்றுக்கு ஒரு குடம் தண்ணீர். குடத்தை இடுப்பில் வைத்து வயலுக்கு நடந்து, வேப்பங்கொத்தை முக்கி முக்கிப் பயிரின் மேல் தெளித்தாள். அரை ஏக்கரையும் முடிக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போல இருந்தது.

ஊரை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் தகரத்துக்கு முலாம் பூசும் ஆலை வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அதன் கழிவு வாய்க்காலில் கலந்த பிறகு நெல் மஞ்சளித்தது. பிடுங்கினால் வேர் கருகிக் கட்டையாக வந்தது. இரண்டு போகம் தவறியதும் அவள் புருஷன் கந்தப்பன் போடிமெட்டுப் பக்கம் ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனான். வயல் பச்சை பிடித்தால் கடிதம் போடு, கிளம்பி வந்துவிடுகிறேன் என்று சொல்லியிருந்தான்.

முருங்கை யோசனையை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. இலை அரைத்த கல்லைக் கழுவி ஊற்றிய இடத்தில், அதே வாய்க்கால் நீர் பாய்ந்தும் ஒரு மிளகாய்ச் செடி மட்டும் வாடாமல் நின்றதைப் பார்த்திருந்தாள். இந்தப் போகம் விதைநெல்லையே சாற்றில் ஊறவைத்தாள். நட்ட பின் எட்டு நாளைக்கு ஒருமுறை தெளித்தாள். சுற்றியிருந்த வயல்கள் வெளுத்தபோது அவளுடையது பச்சை பிடித்தது.

கடிதம் போட்டாள். காய் பறிப்பு முடிந்ததும் வருவதாகப் பதில் வந்தது. ரோட்டில் பஸ் நிற்கும் சத்தம் கேட்டால் களையெடுக்கும் கை நின்றுவிடும். இறங்குகிறவர்களின் நடையைப் பார்த்துவிட்டு மறுபடி குனிவாள்.

ஆலைக் கழிவைப் பற்றி ஊர்க்காரர்கள் கொடுத்திருந்த மனுவை விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். ஆலை மானேஜர் மற்ற வயல்களைத் தாண்டி அவரை நேராகக் கமலாத்தாளின் வரப்புக்கு அழைத்து வந்தார். எந்தத் தண்ணீர் பாய்கிறது என்று அதிகாரி கேட்டார்.

"வாய்க்கா தண்ணிதானுங்க. ஆனா முருங்கச் சாறு தெளிச்சுத்தானுங்க இதைப் பொழைக்க வெச்சிருக்கறேன்."

"வாய்க்கால் தண்ணிதானே? அது போதும்" என்று அதிகாரி எழுதிக்கொண்டார்.

தண்ணீரால் கேடில்லை என்று அறிக்கை வந்தது. இன்னொரு குழாய் பதிக்க ஆலைக்கு அனுமதியும் கிடைத்தது. பக்கத்து வயல் ஆறுமுகசாமி அவளிடம் வந்து, "உன்ற வயலும் கருகியிருந்தா நம்ம மனு நின்னிருக்குமே, கமலாத்தா" என்றார். அவள் வேப்பங்கொத்தைக் குடத்தில் முக்கினாள்.

கதிர் பால் பிடித்த வாரத்தில் கந்தப்பன் வந்தான். இளைத்திருந்தான். தலையில் மூட்டையோடு வரப்பில் ஓட்டமும் நடையுமாக வந்தான்.

"பஸ்ஸு நிக்கறதுக்கு முன்னாலயே தெரிஞ்சுது புள்ள, நம்ம வயலு."

அவள் மூட்டையை வாங்கி இறக்கினாள். மேல் வரப்பில் ஆலை ஆட்கள் நான்கு பேர் சிமெண்டுக் குழாயைப் பள்ளத்தில் இறக்கி, அதன் வாயைப் பச்சை வயலுக்கு நேராகத் திருப்பி, சுற்றிலும் மண்ணைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார்கள்.